பிளாஸ்திரியில் இருபத்தெட்டு

"கொக்கியை இறக்கு!" என்றது வாக்கிடாக்கி.

உச்சி இறக்கவில்லை.

தரையிலிருந்து எழுபது மீட்டர் உயரம். ஒரு நாற்காலி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு லீவர்கள், எதிரே கையகல ஸ்க்ரீன், காலடியில் தரையைக் குனிந்து பார்க்க ஒரு கண்ணாடிச் சதுரம். கை நீட்டினால் நாலு சுவரும் தட்டுப்படும் இந்த மாதிரி கிரேன் கேபின்தான் ஏழு வருடமாக, எந்த சைட்டிலும், அவளுடைய ஆபீஸ். சொந்தப் பெயரைச் சொன்னால் சைட்டில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. உச்சியில் உட்கார்ந்திருப்பதால் உச்சி. அவ்வளவுதான்.

மணி பதினொன்று பத்து.

"உச்சி, காதுல விழுதா இல்லையா? சட்டுபுட்டுன்னு இறக்கும்மா!"

பேசியவர் சைட் என்ஜினியர். 'சட்டுபுட்டு' என்ற வார்த்தை இல்லாமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அதனால் அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் சட்டுபுட்டு.

"விழுது சார். ரெண்டு நிமிஷம் குடுங்க."

"ரெண்டு நிமிஷத்துல என்ன பண்ணப் போற? தலை வாரிக்கப் போறியா?"

கீழே யாரோ சிரித்தார்கள். ஒன்றாம் சேனல் எல்லோருக்கும் பொது. மேலே இவள் தும்மினால்கூடக் கீழே பதினெட்டுப் பேருக்குக் கேட்கும்.

உச்சி காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். பதினெட்டு மாடிக் கட்டடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. எல்லாம் ஒட்டியாகிவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. பதினாறாவது மாடியில் அந்த ஒரு இடம் மட்டும் முன்பல் விழுந்த வாய் மாதிரி இளித்துக்கொண்டிருந்தது. விழுந்த பல் கீழே தெருவில், மரச்சட்டத்தில் சாய்ந்து நின்றது. ஆறு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், ஒன்றரை டன். பன்னிரண்டு மணிக்குச் சேர்மன் வருகிறார். அவர் கண் முன்னால் கடைசிக் கண்ணாடி மேலே போய்ப் பொருந்த வேண்டும். கைதட்ட வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். தெருவை அடைத்துவைக்க ஒரு மணி வரைக்கும்தான் அனுமதி.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் நின்றது. அண்ணன். ஒரு வயிற்றில் பிறந்த சொந்த அண்ணன். சுமைக்கு வார் கட்டுவது, கொக்கியில் மாட்டுவது, அது மேலே போகிறவரை சுற்றாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே நடந்து சிக்னல் கொடுப்பது எல்லாம் அவன்தான். பதிமூன்று வருடமாக அதே மஞ்சள் ஹெல்மெட்.

"பாப்பா, என்னம்மா ஆச்சு?" என்றான் அண்ணன்.

முப்பத்தைந்து வயதில், பதினெட்டுப் பேர் கேட்கிற சேனலில், பாப்பா! எத்தனையோ முறை சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். திருந்துகிற ஜன்மம் இல்லை.

"காத்து சரியில்லைண்ணே."

"ஸ்க்ரீன் என்ன சொல்லுது?" என்று நடுவில் புகுந்தார் சட்டுபுட்டு.

உச்சி ஸ்க்ரீனைப் பார்த்தாள். கிரேனின் தலையில், மூன்று கிண்ணங்கள் சுற்றுகிற காற்று மீட்டர் ஒன்று இருக்கிறது. காற்றின் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நொடிக்கு நொடி அதுதான் ஸ்க்ரீனுக்கு அனுப்பும்.

"இருபத்திரண்டு சார்."

"உன் பிளாஸ்திரி?"

கேட்பார் என்று தெரியும். இடது லீவரின் பக்கவாட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பேனாவால், அவளுடைய கோணல் கையெழுத்தில் ஒரு எண்.

"இருபத்தெட்டு."

"இருபத்திரண்டு பெருசா, இருபத்தெட்டு பெருசா? எனக்குக் கணக்கு வராது, நீயே சொல்லு."

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள்.

அந்தப் பிளாஸ்திரி சைட்டில் பிரசித்தம். அவளே பிரசித்தமாக்கியதுதான். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு சைட்டில், வேறொரு காற்று நாளில், 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று கெஞ்சியும் மிரட்டியும் ஒவ்வொன்றாக அவளைத் தூக்க வைத்தார்கள். ஏழாவது தடவை பலகைக்கட்டு ஒன்று காற்றில் பிரிந்து சீட்டுக்கட்டு மாதிரி பறந்தது. யாருக்கும் அடி இல்லை. சைக்கிள் கொட்டகையும் அதில் அவள் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவும் மட்டும் நசுங்கின. தட்டையாகிப் போன அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று புரிந்தது. ஏழு தடவையும் அவள் முடிவே எடுக்கவில்லை. காதில் கேட்ட குரல்கள் எடுத்தன.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம். காலையில் அன்றைக்கு என்ன சுமை என்று தாளில் பார்ப்பாள். ஏணியின் முதல் படியில் கால் வைப்பதற்கு முன், கீழே நிற்கும்போதே, எந்தக் காற்றுக்கு மேல் தூக்க மாட்டேன் என்று பிளாஸ்திரியில் எழுதிவிடுவாள். அந்த நேரத்தில் யாரும் கத்த மாட்டார்கள். யாருக்கும் அவசரம் இருக்காது. மேலே போய் ஒட்டிவிட்டால், அப்புறம் அந்தக் கடவுளே சேனலுக்கு வந்தாலும் எண் மாறாது. கம்பிக்கட்டு என்றால் ஐம்பது வரை விடுவாள். கிரேன் கம்பெனி கொடுத்த புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. கண்ணாடி கம்பி இல்லை, காற்றைப் பிடிக்கிற கப்பல் பாய். அதனால் இருபத்தெட்டு.

"நான் தூக்கறதுமில்லை, தூக்காததுமில்லை, நம்பர்தான் தூக்குது" என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பாள்!

இன்றைக்கு அந்த நம்பர் தூக்கு என்கிறது. அவளுடைய கண் தூக்காதே என்கிறது.

காலியாகத் தொங்கிய கொக்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மேய்ச்சலுக்குப் போன மாடு மாதிரி அதுபாட்டுக்கு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டாவது மாடியில் கட்டியிருந்த பச்சை வலை, உலர்த்தப் போட்ட துணியாக அடித்துக்கொண்டது. இருபத்திரண்டுக்கு வலை இப்படி அடிக்காது. ஏழு வருடத்தில் அவளுக்கு அது தெரியும். லீவரை விட்டால், கிரேனின் நீளமான கையை யாரோ தோளால் தள்ளுவது நாற்காலி வழியாக முதுகுத்தண்டில் தெரிந்தது.

ஆனால் எண்? எண் இருபத்திரண்டு.

"உச்சி, அஞ்சுக்கு வா" என்றார் சட்டுபுட்டு.

ஐந்தாம் சேனல் தனிப்பேச்சுக்கு. திருகினாள்.

அங்கே அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. பஞ்சு மாதிரி. "இதோ பாரும்மா. உன் அண்ணனோட சூப்பர்வைசர் ஆர்டர் என் சட்டைப் பாக்கெட்லதான் இருக்கு. இன்னிக்குச் சேர்மன்கிட்டக் கையெழுத்து வாங்கணும். கண்ணாடி மேல போயி அவர் சந்தோஷமா இருந்தா, சட்டுபுட்டுன்னு போட்டுடுவார். போகலைன்னா... என்னத்தச் சொல்ல? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். புரியுதா?"

"புரியுது சார்."

"புரிஞ்சா சரி."

சூப்பர்வைசர் என்றால் வெள்ளை ஹெல்மெட். வெள்ளை ஹெல்மெட் என்றால் சுமைக்கு அடியில் நிற்க வேண்டாம். வீட்டில் அண்ணி நேற்றே வாசல் ஆணியில் தொங்கிய குடையை எடுத்து வேறிடத்தில் மாட்டிவிட்டாள். வெள்ளை ஹெல்மெட்டுக்கு இடம் வேண்டுமாம். "வர்றப்போ கறை படாம எடுத்துட்டு வரச் சொல்லு உன் அண்ணனை" என்று இன்று காலையில்கூட உச்சியிடம் சொல்லி அனுப்பினாள்.

அவனை அடியில் நிற்காமல் செய்யும் தாள் அந்தப் பாக்கெட்டில் இருக்கிறது. அதை வாங்க, இந்தக் காற்றில், அவனையே அடியில் நிற்கவைக்க வேண்டும்.

உச்சி ஒன்றாம் சேனலுக்குத் திரும்பி வந்தாள். கை தானாக லீவருக்குப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தூக்கினால்? ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். பத்துக்கு எட்டுத் தடவை ஒன்றும் ஆகாது. மிச்சம் இரண்டில் ஒன்றரை டன் கண்ணாடி கட்டடத்தில் போய் மோதி, தூள்தூளாக அந்த மஞ்சள் ஹெல்மெட்டின் மேல் இறங்கும். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று இறங்கிப் போய்விட்டால்? தன் கை சுத்தம். ஆனால் இன்னொருத்தர் ஏறுவார், தூக்குவார். அண்ணன் அதே இடத்தில்தான் நிற்பான். தூக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றால்? எதை வைத்து? அவளுடைய சொந்த எண்ணே அவளுக்கு எதிர்ச்சாட்சியாக ஸ்க்ரீனில் மினுங்குகிறது.

"பாப்பா, தூக்கிடும்மா. இருபத்திரண்டுதானே? கீழே நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன். அவன் குரலில் வெள்ளை ஹெல்மெட் தெரிந்தது.

உச்சி தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். வழக்கமாக இந்த நேரத்துக்குத் தண்ணீர் சுட்டுப்போயிருக்கும். இன்று சுடவில்லை. காலையில் ஏறி உட்கார்ந்ததிலிருந்தே கேபினுக்குள் வெயில் வரவில்லை, நிம்மதியாக இருந்தது.

ஏன் வரவில்லை?

தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

போர்டு. கம்பெனிப் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதிய, புத்தம் புதிய போர்டு. சேர்மன் வருகிறார் என்று நேற்று அவள் இறங்கிப் போன பிறகு கிரேனின் தலையில் கட்டியிருந்தார்கள். காலையில் ஏறும்போதே பார்த்தாள். ஓட்டுகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எரிச்சல்பட்டாள். நிழல் கிடைத்ததும் மறந்துவிட்டாள்.

போர்டு அவளுக்கு வெயிலை மறைக்கிறது. மூன்று கிண்ணங்கள் வைத்த காற்று மீட்டர் அந்தப் போர்டுக்குப் பின்னால், அதைவிட ஒரு முழம் கீழே, நிழலில் உட்கார்ந்திருந்தது.

வெயிலை மறைப்பது காற்றை மறைக்காதா?

சந்தேகம்தான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கலாம். செலவு மூன்று நிமிடம். கிரேனின் தலை முழுவதும் சுழலும். போர்டும் மீட்டரும் அதோடு சேர்ந்தே சுழலும். காற்று மட்டும் சுழலாது.

"அண்ணே, கொக்கிக்குக் கீழே ஆள் இல்லாம பாத்துக்க. காலியாவே ஒரு கால் சுத்து சுத்தறேன்."

"எதுக்கு?" என்று அலறினார் சட்டுபுட்டு. "ராட்டினம் விடறியா? மணி பதினொன்னே கால்!"

"மூணு நிமிஷம் சார். முடிஞ்சதும் திட்டுங்க."

லீவரைச் சாய்த்தாள். கிரேன் முனகிக்கொண்டே திரும்பியது. தெரு நகர்ந்தது, கட்டடம் நகர்ந்தது. அவள் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இருபத்திரண்டு.

இருபத்திமூன்று.

போர்டின் முகம் காற்றிலிருந்து விலக ஆரம்பித்தது. முப்பது. முப்பத்தாறு.

கால் சுற்று முடிந்து போர்டு காற்றுக்குப் பக்கவாட்டில் நின்றபோது எண்ணும் நின்றது.

நாற்பத்திமூன்று.

உச்சி இரண்டு முறை மூச்சு விட்டாள். பிறகு வாக்கிடாக்கியை எடுத்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்ன மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "சார், காத்து நாப்பத்திமூணு. நேத்துக் கட்டின போர்டு மீட்டரை மறைக்குது. இருபத்திரண்டு பொய். நான் தூக்கப் போறதில்லை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சட்டுபுட்டுவுக்கு யோசிக்க இரண்டு நொடிதான் ஆனது. "அப்போ இருபத்திரண்டு காட்டின பக்கமாவே திருப்பி வெச்சுத் தூக்கு."

"என்னது?"

"ஸ்க்ரீன்ல இருபத்தெட்டுக்குள்ளே இருந்தாத் தூக்குவேன்னுதானே உன் சட்டம்? திருப்பு. இருபத்திரண்டு காட்டும். உன் சட்டமும் ஆச்சு, என் வேலையும் ஆச்சு."

உச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொத்தானை அழுத்தியபடியே சிரித்தாள். பதினெட்டுப் பேருக்கும் கேட்டது. "சார், காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை ஐஸ்ல முக்கி வெச்சா நார்மல்னுதான் காட்டும். அதுக்காக அவனைக் கபடி ஆட அனுப்புவீங்களா?"

"வாய் ரொம்ப நீளுது. அஞ்சுக்கு வா."

"வரலை சார்."

"அஞ்சுக்கு வான்னு சொன்னேன்!"

"இங்கேயே சொல்லுங்க. அஞ்சாம் சேனல்ல சொன்னதையும் இங்கேயே சொல்லுங்க. எங்க அண்ணன் ஆர்டர் உங்க பாக்கெட்ல இருக்கு, நான் தூக்கினாத்தான் கையெழுத்து ஆகும்னு சொன்னீங்களே. அவனும் கேட்கட்டும். அடியில நிக்கறவன் அவன்தானே?"

உச்சி பொத்தானை விட்டாள். வெள்ளை ஹெல்மெட்டை அவளே இப்போது எழுபது மீட்டரிலிருந்து கீழே போட்டு உடைத்துவிட்டாள். அண்ணன் என்ன சொல்வானோ? அண்ணி என்ன சொல்வாளோ? ஆனால் மறைத்துவைத்திருந்தால், அவன் உயிரை என்ன செய்வது என்று அவனைக் கேட்காமலே இரண்டு பேர் பேசி முடித்ததாகிவிடும்.

"பாப்பா." அண்ணனின் குரல் தாழ்ந்திருந்தது. "போர்டைக் கட்டினது நான்தான்."

"நீயா?"

"மீட்டருக்கு மேல வருதேன்னு சொன்னேன். சேர்மன் கார்ல இருந்து பார்த்தாலே எழுத்து தெரியணும், இன்னும் ஏத்திக் கட்டுன்னாரு சார். கட்டிட்டேன். உங்கிட்டச் சொல்லணும்னு நெனச்சேன். வேலையில மறந்து போச்சு."

உச்சி கண்ணை மூடிக்கொண்டாள். தன் தலைக்கு மேலே விழப்போகிறதைத் தானே கட்டிவைத்துவிட்டு, அடியில் வந்து நிற்கிறான் மடையன்!

"போதும் உங்க குடும்ப நாடகம்" என்றார் சட்டுபுட்டு. "உச்சி, நீ இறங்கு. பாட்டுக்காரர் ஏறட்டும். யோவ் பாட்டு! போய்யா சட்டுபுட்டுன்னு!"

பாட்டுக்காரர் பின்பக்கத்து இரண்டாவது கிரேனை ஓட்டுகிறவர். ஐம்பது வயது, இருபது வருட சர்வீஸ். லீவரைத் தொட்டால் வாயில் ஏதாவது பாட்டு முணுமுணுக்கும், அதனால் பாட்டுக்காரர். பொம்பளைக்கு முன்பக்கத்துப் பெரிய கிரேனைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு ஏழு மாதமாக வயிற்றெரிச்சல்.

"அவர் ஏறட்டும். அவர் வந்து சேர்ற வரைக்கும் நான் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றாள் உச்சி.

இருநூற்றெண்பது படி. ஆள் வந்து சேரப் பதினெட்டு நிமிடம் ஆனது. கேபின் கதவு திறந்தபோது மனிதருக்குப் பாட்டும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. நாய் மாதிரி இரைத்தார். உச்சி தன் தண்ணீரைக் கொடுத்தாள். குடித்தார்.

"எந்திரிம்மா. நான் போட்டோவுல வேற நிக்கணும்."

"எந்திரிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க." பிளாஸ்திரிச் சுருளையும் பேனாவையும் நீட்டினாள். "இந்தக் கண்ணாடியை எந்தக் காத்து வரைக்கும் தூக்குவீங்க? நம்பரை எழுதுங்க. ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க. என் மூஞ்சியையும் பார்க்காதீங்க."

"உன் கிறுக்குத்தனம் எனக்கெதுக்கு?"

"இருபது வருஷ சர்வீஸ். ஒரு நம்பர் சொல்லத் தெரியாதா?"

அது சுருக்கென்று தைத்தது. வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கினார். "இருபத்தெட்டுல நடுங்குறவங்க நீங்க. எனக்கு முப்பத்தஞ்சு." பெரிசாக எழுதி, அவளுடைய பிளாஸ்திரிக்குப் பக்கத்திலேயே அறைந்து ஒட்டினார்.

உச்சி எழுந்து ஒதுங்கி நின்றாள். ஸ்க்ரீனைக் காட்டினாள்.

நாற்பத்தைந்து. இந்தப் பதினெட்டு நிமிடத்தில் இன்னும் இரண்டு ஏறியிருந்தது.

"சுத்திப் பாருங்க. போர்டுக்குப் பின்னால போனதும் பாதியாக் குறையும்."

பாட்டுக்காரர் உட்கார்ந்தார். சுற்றினார். எண் விழுந்தது. திரும்பச் சுற்றினார். எண் எழுந்தது. மூன்றாவது முறையும் சுற்றிப் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தில் தானே எழுதிய முப்பத்தைந்தை, வேறு யாரோ எழுதி ஒட்டியதைப் பார்க்கிற மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரேடியோவுல கேட்டப்போ நீ கதை விடறேன்னு நெனச்சேன்மா."

"இப்போ?"

"இப்போ என்ன? என் கையாலேயே எழுத வெச்சிட்டியே, ராட்சசி." வாக்கிடாக்கியை எடுத்தார். "சார், நான் பாட்டு பேசறேன். இந்தக் காத்துல நானும் தூக்க மாட்டேன்."

கீழேயிருந்து வந்த வசவை இங்கே எழுத முடியாது. அதன் கடைசி வரி மட்டும் இது: "நீங்க ரெண்டு பேரும் போனா உலகத்துல வேற ஆப்பரேட்டரே இல்லையா? அரை மணியில வெளியில இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து தூக்கிக் காட்டறேன்!"

செய்யக்கூடியவர்தான். உச்சியும் பாட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் போர்டைப் பற்றி யார் சொல்வார்கள்? இவர்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டால்?

"யாரும் வர வேண்டாம் சார்" என்றது இன்னொரு குரல்.

உச்சி பாய்ந்து காலடிக் கண்ணாடியில் குனிந்தாள். கீழே மஞ்சள் ஹெல்மெட் கண்ணாடியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் குனிந்தது. அடுத்த மூலை. அடுத்தது.

"வாரைக் கண்ணாடிச் சட்டத்தோட பிணைக்கிற பின்னு நாலு. நாலையும் கழட்டிட்டேன். என் பாக்கெட்ல இருக்கு" என்றான் அண்ணன். "இந்த அளவு பின்னு ஸ்டோர்லகூடக் கிடையாது. பின்னு இல்லாம அதை எவன் வந்தாலும் ஒரு அங்குலம் தூக்க முடியாது."

"டேய், அந்த ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுடுவேன்!"

"கிழிங்க சார்." கொஞ்சம் இரைச்சல். பிறகு, "பாப்பா, கொக்கியை மேல ஏத்திக் கட்டிட்டு, காத்து போற பக்கம் தானாத் திரும்பிக்கற மாதிரி கிரேனை விட்டுட்டு இறங்கி வா. நிதானமா வா. படியில எண்ணெய் கொட்டியிருக்கு."

பாட்டுக்காரர் மெதுவாக ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

சேர்மன் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். அண்ணாந்து பொக்கை வாயைப் பார்த்தார். "அது என்ன ஓட்டை?" என்று கேட்டார். சட்டுபுட்டு காதோரம் ஏதோ சொன்னார். சேர்மன் ஹெல்மெட்டைக் கையால் பிடித்துக்கொண்டார், காற்றில் பறக்கப் பார்த்தது. எட்டே நிமிடத்தில் காரில் ஏறிப் போய்விட்டார். போட்டோ எடுக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

ஒரு மணிக்குத் தெரு திறந்தது. பள்ளிக்கூட வேன் ஒன்று முதல் ஆளாகக் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனது.

உச்சி இறங்கி வந்தாள். சட்டுபுட்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். சுற்றிலும் ஆட்கள், வேலை பார்க்கிற பாவனையில்.

"நேரம் என்ன தெரியுமா?" என்றார். "ஒண்ணே கால். காலையில இருந்து என்ன நடந்துச்சு? கிரேன் சாஞ்சுதா? வலை கிழிஞ்சுதா? ஒரு தூசி விழுந்துச்சா? ஒண்ணும் நடக்கலை! பதினொன்னு பத்துக்கே தூக்கியிருந்தா சட்டுபுட்டுன்னு முடிஞ்சிருக்கும்."

"ஒண்ணும் நடக்கலை சார்" என்றாள் உச்சி. "ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான் காலையில இருந்து மேல உட்கார்ந்திருந்தேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வா. உன் வேலை இருக்கா இல்லையான்னு அங்கே பேசிக்கலாம்."

"வர்றேன். ரெண்டு பிளாஸ்திரியையும் எடுத்துட்டு வர்றேன். பாட்டு அண்ணனும் வர்றாரு."

பாட்டுக்காரர் தலையாட்டினார். தான் எப்போது இவளுக்கு அண்ணன் ஆனோம் என்று அவர் முகத்தில் ஒரு திகைப்பு இருந்தது. மறுக்கவில்லை.

அப்போது அண்ணன் முன்னால் வந்தான். கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, கட்டைவிரல் தடிமனில் நாலு இரும்புப் பின்களை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"இந்தாங்க சார். தூக்கியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு சொன்னீங்கல்ல? காத்து இன்னும் அப்படியேதான் இருக்கு. தெருவை மறுபடி அரை மணி அடைச்சுக்கலாம். பின்னை நீங்களே மாட்டுங்க. பாப்பா ஏறித் தூக்குவா."

"அண்ணே!"

"இரும்மா. ஆனா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அடியில நீங்க நில்லுங்க. நான் ஆபீஸ் ஜன்னல்ல நின்னு பாக்கறேன்."

சட்டுபுட்டு பின்களைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பன்னிரண்டாவது மாடியில் பச்சை வலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

அண்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. மற்றக் கையால் எடுத்தான். அண்ணி. ஸ்பீக்கர் போடாமலே நாலு பேருக்குக் கேட்கிற குரல் அவளுக்கு.

"என்ன, கையெழுத்தாச்சா? ஹெல்மெட் குடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா. ஆகலை. இனிமே ஆகாதுன்னு நெனக்கறேன்." நாலு வரியில் சொன்னான். காற்று, போர்டு, கண்ணாடி, நாலு பின்கள்.

உச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டு வாசலில் காலியாக இருக்கும் ஆணி கண்ணில் வந்தது. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். அழுதுவிட்டால்தான் என்ன செய்வது என்று தெரியாது.

"அந்தப் போர்டை ஏத்திக் கட்டச் சொன்னது யாரு?" என்றாள் அண்ணி.

"சார்தான்."

"கண்ணாடிக்கு அடியில உங்களை நிக்கச் சொன்னது?"

"அதுவும் சார்தான்."

"பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"போனை அவர்கிட்டக் குடுங்க."

அண்ணன் போனையும் நீட்டினான். ஒரு கையில் நாலு பின். இன்னொரு கையில் அண்ணி.

பதினெட்டுப் பேரும் வேலை பார்க்கிற பாவனையைக்கூட விட்டுவிட்டு நின்றார்கள். சட்டுபுட்டுவின் கை பாதி எழுந்தது. பின்களை நோக்கிப் போனது, நின்றது. போன் பக்கம் போனது, அங்கேயும் நின்றது. திரும்பத் தொங்கிவிட்டது.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றாள் உச்சி. "அவசரமே இல்லை."